கட்டார் கிட்ட, கட்டுநாயக்க தூரம்

கொழும்பிலிருந்து டோஹாவுக்கு எவ்வளவு நேரம் எண்டு போனில் தட்டிப் பாருங்கள். 3,500 கிலோமீற்றருக்கு மேல், ஏறத்தாழ 5 மணித்தியாலம் எண்டு வரும். கணக்குச் சரிதான். ஆனால் உன்னிச்சையில் இருந்து கட்டாருக்கு வேலைக்குப் போற ஆளுக்கு அந்தக் கணக்கு உதவாது.

எங்கட ஆளுக்குப் பயணம் பஸ்ஸில் தொடங்குது. பொழுதுபட்டால் றோட்டில் யானைப் பயம். இரவு ரயிலுக்கும் வெளிச்சத்தோட வெளிக்கிட வேணும். மட்டக்களப்பிலிருந்து மாகோவைச் சுத்திக் கோட்டைக்கு ரயில் பாதை 348 கிலோமீற்றர். 8, 9 மணித்தியாலம் பிடிக்கும். பிறகு கட்டுநாயக்கவுக்கு இன்னொரு பஸ். அங்க 3 மணித்தியாலம் முன்னுக்கே நிக்க வேணும். பறப்பையும் சேர்த்தால் 20 மணித்தியாலத்தைத் தொடுது. இத்தனைக்கும் மட்டக்களப்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் வானத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 210 கிலோமீற்றர்தான்!

வலையிறவுப் பாலம் கடந்து டவுனுக்கு வந்தால் திமிலைதீவுப் பக்கம் ஒரு விமான நிலையம் கிடக்கு. 1983இல் விமானப்படை எடுத்தது. 2016இல் திருத்தித் திறந்தார்கள், 2018இல் சிவில் பறப்புக்கு விட்டார்கள். அங்க வந்து போன சின்ன விமானங்கள் உல்லாசப் பயணிகளுக்கு. கூலி வேலைக்குக் கடல் கடக்கிறவர் அதைத் தாண்டித்தான் ரயிலடிக்குப் போறார்.

"ஆக்கள் ஏறினால்தானே பிளேன் விடலாம்" எண்டு சொல்லுவார்கள். அப்ப மத்தளைக்கு ஆர் ஏறினது? 2013 மார்ச்சில் 20 கோடி டொலருக்கு மேல் கொட்டி, 3,500 மீற்றர் ஓடுபாதையோட திறந்தார்கள். பிறகு அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் அடுக்கினார்கள். அங்க பயணிகள் வரமுதல் காசு வந்தது. எங்களிட்ட மட்டும் ஆளைக் காட்டு, கணக்கைக் காட்டு எண்டால் என்ன நியாயம்?

இது வெறும் வசதிக் கதை எண்டு நினைக்காதீங்க. தாய் செத்த செய்தி கேட்டு டோஹாவில் மகள் பிளேன் ஏறுகிறாள். லீவும் டிக்கெட்டும் அண்டைக்கே கிடைச்சாலும், 5 மணித்தியாலத்தில் கட்டுநாயக்கதான் வரும். இஞ்ச வெயில் ஏறுது. ஊர்ப் பெரியாக்கள் "இனியும் வைக்கேலாது" எண்டு பிரேதத்தை எடுக்கிறார்கள். அவள் வரேக்க முற்றத்தில் பந்தல்தான் நிக்கும்.

திமிலைதீவில் நாளைக்கே கட்டார் விமானம் இறங்க வேணும் எண்டு நாங்கள் கேக்கயில்லை. நாங்கள் கேக்கிறது மூண்டு: ரயில் நேரத்துக்குப் பொருந்துற பஸ், சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேருற ரயில், கூலிக்காரரும் ஏறக்கூடிய விலையில் கட்டுநாயக்கவுக்கு ஒரு பறப்பு. இந்த வரிசையிலேயே வேணும். முதல் இரண்டும் இல்லாமல் மூண்டாவது மட்டும் வந்தால் அதுவும் டவுன்காரருக்குத்தான்.

"சர்வதேச விமான நிலையம் தாறம்" எண்டு வோட்டுக் கேட்டு வாறவரிட்ட நீங்களும் ஒண்டைக் கேளுங்கள்: "ஐயா, உன்னிச்சையில இருந்து இரவு ரயிலுக்குப் பஸ் எத்தனை மணிக்கு?"