பத்து மணியானால் வழக்கு யார் மேல்? எல்லைக் கிராமங்களில் டி.ஜே. தொழில்

2023 ஜூலை 24ஆம் தேதி திருவனந்தபுரம் அய்யன்காளி ஹாலில் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டிக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. முதல்வர் பினராயி விஜயன் பேசத் தொடங்கியதும் மைக் சில விநாடிகள் ஊளையிட்டது. போலீசார் யாரும் புகார் கொடுக்காமலே வழக்குப் பதிந்தார்கள். மைக்கையும் ஆம்ப்ளிபயரையும் எடுத்துச் சென்றார்கள். போட்ட பிரிவு கேரள போலீஸ் சட்டத்தின் 118(இ). பொதுமக்களுக்கு ஆபத்து உண்டாகும் என்று தெரிந்தே ஒரு காரியத்தைச் செய்பவர்களுக்கான பிரிவு அது. மூன்று வருடம் வரை சிறை உண்டு. நாடெங்கும் கேலியும் கண்டனமும் எழுந்தன. கடைசியில் முதல்வரே வேண்டாம் என்று சொல்ல, வழக்கு கைவிடப்பட்டது. சாமான்களும் திரும்பக் கிடைத்தன.

மைக் ஊளையிடுவது அந்தத் தொழிலில் அன்றாட விஷயம். ஸ்பீக்கரின் சத்தம் மைக்கிலேயே திரும்ப விழுந்தால், அது மறுபடி பெருகி, மறுபடி விழுந்து, கூச்சலாகிவிடும். கூட்டத்தில் யாராவது இடித்து ஒரு குமிழ் நகர்ந்தாலும் போதும். இதற்கு மூன்று வருடச் சிறைப் பிரிவு என்றால், பத்து மணிக்கு மேல் பாட்டுப் போடுகிறவன் கதி என்ன என்று பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் டி.ஜே. தொழில் செய்யும் இளைஞர்கள் அன்று கேட்டதில் வியப்பில்லை. அந்தக் கேள்விக்கு இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.

இந்தப் பகுதியின் நிலைமை தனி. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கோடு நிலத்தில் விழுந்ததே தவிர, உறவுகளில் விழவில்லை. பெண் வீடு செறுவாரக்கோணம் என்றால் மாப்பிள்ளை வீடு குழித்துறையாக இருக்கும். முகூர்த்தம் இந்தப் பக்கம், வரவேற்பு அந்தப் பக்கம். ஆகவே இங்கே டி.ஜே. தொழில் நடத்துகிறவனுக்கு இரண்டு மொழிப் பாட்டும் கையில் இருக்க வேண்டும். இளையராஜாவும் ரஹ்மானும் வேண்டும். நாடன் பாட்டும் வேண்டும். சிங்காரி மேளத்துக்கு ஈடு கொடுத்து இடையில் நுழையவும் தெரிய வேண்டும். நகரத்து டி.ஜே.க்களுக்கு அவ்வளவாக வராத வித்தை இது.

தொழில் புதிது அல்ல. கிராமபோன் தட்டும் குழாய் ஒலிபெருக்கியுமாக ஊர் ஊராகப் போன மைக் செட்காரர்களின் வாரிசுகள்தான் இவர்கள். அந்தக் குழாய்க்கு மலையாளத்தில் 'கோளாம்பி' என்று பெயர். எச்சில் படிக்கத்தின் பெயர். பொருத்தமான பெயர்தான், சாயல் அப்படியே இருக்கும். தட்டு போய்க் கேசட் வந்தது, கேசட் போய் சி.டி. வந்தது, இப்போது லேப்டாப்பும் கன்சோலும். கூடவே டாப், பேஸ் பெட்டிகள், விளக்குகள், புகை இயந்திரம், ஜெனரேட்டர், அவற்றை ஏற்றிச் செல்ல ஒரு பிக்கப் வண்டி. இத்தனையும் சேர்ந்தால் ஒரு சிறிய வீடு கட்டும் செலவு. பெரும்பாலோர் சிட்டி பிடித்தும் வட்டிக்கு வாங்கியும்தான் இறங்குகிறார்கள். பகலில் திருவனந்தபுரத்தில் கடையிலோ ஆபீசிலோ வேலை, கல்யாண நாளில் இரவில் கன்சோல் என்று ஓடுகிறவர்களும் உண்டு. 2020, 2021ஆம் வருடங்களில் கொரோனாவினால் கல்யாணங்களுக்கு எண்ணி வைத்த ஆட்களே வரலாம் என்றானபோது பெட்டிகள் வீட்டுத் திண்ணையில் கிடந்தன. தவணை மட்டும் நிற்கவில்லை.

சட்டம் சொல்வது

இரைச்சல் கட்டுப்பாட்டு விதிகள் 2000ஆம் வருடம் வந்தவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. நாலு பக்கமும் மூடிய அரங்குக்குள் வைக்கலாம். மற்ற நேரத்திலும் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பண்பாட்டு, மத விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் அதிகம் போனால் 15 நாட்களுக்கு மட்டும் இரவு 12 வரை தளர்த்தலாம். 2005 ஜூலை 18ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் இதையெல்லாம் உறுதி செய்து, பொது இடத்தின் எல்லையில் சத்தம் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் கூறியது. சுற்றுப்புறச் சத்தத்துக்கு மேல் 10 டெசிபல் என்ற கணக்கு அதைவிடக் குறைவாக வந்தால் அதுவே வரம்பு. குடியிருப்புப் பகுதிக்கு விதித்த அளவு பகலில் 55, இரவில் 45. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதியாகலாம். நெய்யாற்றின்கரை ஊருக்குள் இந்த மூன்றும் உண்டு.

விதி நல்ல விதிதான். நோயாளிக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் தூக்கம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்வதைக் குற்றம் என்று சொல்ல முடியாது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்பதே முக்காலுக்கு டி.ஜே. சத்தத்தைக் குறைக்கிறான். மாப்பிள்ளையின் நண்பர்கள் மேடையேறி, "இன்னும் ரெண்டு பாட்டு அண்ணா" என்கிறார்கள். பெண்ணின் மாமா வந்து, "போலீசை நான் பார்த்துக்கறேன், நீ போடு" என்கிறார். பாக்கிப் பணம் அவர் சட்டைப் பையில். போட்டால் சட்ட மீறல். போடாவிட்டால் பணம் இல்லை, அடுத்த புக்கிங்கும் இல்லை. பத்தரைக்கு ஜீப் வரும்போது மாமாவைக் காணோம். மேடையில் இருப்பவை பெட்டிகளும், பெட்டிக்காரனும்தான்.

பெட்டிகள் ஸ்டேஷனுக்குப் போனால் நஷ்டம் அந்த ஒரு ராத்திரியோடு முடிவதில்லை. அவை கோர்ட் வழியே திரும்பும் வரை அடுத்த முகூர்த்தங்கள் எல்லாம் கைவிட்டுப் போகின்றன. இந்த விதிகளுக்குத் தாயான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் 2023இல் திருத்தம் வந்தது. 2024 ஏப்ரல் முதல், முன்பிருந்த சிறைத் தண்டனைக்குப் பதிலாக 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை அபராதம். சிறை போனது நல்லதே. ஆனால் தவணை கட்டும் மனிதனுக்கு அபராதமும் சிறிய விஷயம் அல்ல.

எல்லையில் இருப்பதால் இன்னொரு சுமை. இஞ்சிவிளையில் பெட்டி இறக்கினால் கேரள போலீசின் அனுமதித் தாள் வேண்டும். சற்றுத் தள்ளிக் களியக்காவிளையில் இறக்கினால் அது செல்லாது. தமிழ்நாடு போலீசிடம் வேறு தாள் வாங்க வேண்டும். பதினைந்து நாள் சலுகையையும் ஒவ்வொரு மாநிலமும் தன் விருப்பப்படிதான் அறிவிக்கும். அங்கே விழா நாள் என்பது இங்கேயும் விழா நாள் என்று நினைத்து மாட்டிக்கொள்ளக் கூடாது. ஜி.எஸ்.டி. விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிம்மதி: வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால், கோட்டைத் தாண்டிப் போய் வேலை செய்தாலும் பதிவு தேவையில்லை.

பாட்டுக்குக் காசு

உரிமைத் தொகை விஷயத்தில்தான் இந்த இளைஞர்கள் அதிகம் குழம்புகிறார்கள். இசைத்தட்டுக் கம்பெனிகளின் சார்பில் பி.பி.எல்., பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்புகள் பொது இடத்தில் பாட்டு ஒலிபரப்புவதற்குக் கட்டணம் கேட்கின்றன. பாட்டு எழுதியவனுக்கும் இசை அமைத்தவனுக்கும் கூலி சேர வேண்டியதுதான். ஆனால் 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. உண்மையான மதச் சடங்கில் பாட்டு வைப்பது உரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும், கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் அதில் சேரும். மத்திய அரசு 2023 ஜூலை 24ஆம் தேதி இதை எடுத்துச் சொல்லி, கல்யாணங்களில் இந்தக் கட்டணம் கேட்கக் கூடாது என்று அறிவிப்பும் வெளியிட்டது. திருவனந்தபுரத்தில் மைக் ஊளையிட்ட அதே நாள் என்பது வேடிக்கையான பொருத்தம்.

இந்த விலக்கு எல்லாக் கொண்டாட்டத்துக்கும் கிடையாது. பிறந்த நாள் விருந்துக்கோ, ஓட்டலில் டிக்கெட் போட்டு நடத்தும் புத்தாண்டு ஆட்டத்துக்கோ அது பொருந்தாது. அங்கே லைசென்ஸ் வேண்டும். அதை நிகழ்ச்சி நடத்துகிறவர் எடுக்கிறாரா, டி.ஜே. எடுக்கிறாரா என்பதை முன்பணம் வாங்கும்போதே பேசி முடிக்க வேண்டும். அரசு அறிவிப்புகள் மேல் கோர்ட்டில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. கோவா அரசு இதே விஷயமாக 2024 ஜனவரியில் விட்ட சுற்றறிக்கையை பம்பாய் ஹைகோர்ட் அதே வருடம் ஆகஸ்டில் ரத்து செய்தது. எனவே அறிவிப்பை மட்டும் காட்டிப் பேசாமல், சட்டப் பிரிவையே காட்டிப் பேசுவது நல்லது.

யாரும் பேசாத ஒரு விஷயம், இவர்களுடைய காது. 85 டெசிபல் சத்தத்தை நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில் சுகாதாரக் கணக்கு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022இல் கேளிக்கை இடங்களுக்குச் சராசரி 100 டெசிபலையே உச்ச வரம்பாகச் சொன்னது. விருந்தாளி ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போகிறார். கன்சோலில் நிற்பவன் சீசன் முழுக்க அதே பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறான். காதில் அடைப்பான் வைக்கச் சொன்னால், பாட்டு எப்படிக் கேட்பது என்று சிரிக்கிறார்கள். சத்தத்தை மட்டும் குறைத்து, பாட்டைக் கெடுக்காத அடைப்பான்கள் இப்போது கிடைக்கின்றன. முப்பத்தைந்து வயதில் காதில் 'ங்ஙொய்' என்ற ஓசை நிரந்தரமாகத் தங்கிவிட்டால், எந்தச் சிட்டியும் அதை மீட்டுத் தராது.

அரசு செய்யக் கூடியது பெரிய காரியம் அல்ல. அனுமதித் தாளில் விருந்து நடத்துகிறவரின் பெயரும் கையெழுத்தும் இருக்க வேண்டும்; முடியும் நேரம் எண்ணில் எழுதப்பட வேண்டும்; நேரம் தாண்டினால் முதல் பொறுப்பு அவருடையது என்று ஒரு வரி வேண்டும். நெய்யாற்றின்கரை டி.எஸ்.பி. ஆபீசும் கன்னியாகுமரி மாவட்டப் போலீசும் ஒரே மாதிரிப் படிவத்தை வைத்துக்கொண்டால் பாதித் தகராறு தீரும். கல்யாண மண்டபக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. வாடகை அவர்களுக்கு, சத்தம் அவர்கள் கூரைக்கடியில். பத்து மணிக்கு மேடை மின்சாரத்தை நிறுத்தும் வழக்கத்தை மண்டபமே வைத்துக்கொண்டால், மாமா டி.ஜே.யிடம் வந்து நிற்க மாட்டார்.

அதுவரை செட்காரர்கள் தாங்களே செய்து கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. பாக்கிப் பணத்தைப் பெட்டி இறக்குமுன் வாங்குவது. தாளைக் கண்ணால் பார்த்து நகல் எடுத்த பிறகு வயர் இழுப்பது. சிங்ங மாத முகூர்த்தங்களுக்குப் புக்கிங் எடுக்கும்போதே இதைச் சொல்லிவிட்டால் சண்டை வராது. மண்டப வாசலில், மாப்பிள்ளை கார் வந்து நிற்கும்போது சொன்னால் யார் கேட்பார்கள்?