சீல் போனதற்கு மிஷினையே தூக்கிப் போடுவீர்களா?

நான் பி.காம் படித்துவிட்டு வங்கியில் கையெழுத்துப் போடுகிறவன். கியர்பாக்ஸைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாங்க, காத்திருக்கிறேன் :-)

வேலை என்னைக் கொண்டுவந்து போட்டிருக்கும் இடம் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சால். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களில் சிலரை ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேற்றிய தீவு. இங்கே ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் கப்பலைப் பார்த்து உட்கார வேண்டும்.

போன மாதம் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த பெரியவர் கடன் கேட்டு வந்தார். கொல்லையைக் கிளறும் சின்ன பெட்ரோல் டில்லர். கியர்பாக்ஸ் ஊளையிடுகிறதாம், எண்ணெய் ஒழுகுகிறதாம். விற்ற கடைக்குப் போன் போட்டால், "பழைய மாடல், பார்ட்ஸ் வராது. புதுசு எடுத்துக்குங்க, 60,000 தான்" என்று பதில்.

"மாசம் எவ்வளவு கட்டணும் சார்?" என்றார்.

"பாரத்தை அப்புறம் நிரப்பலாங்கய்யா. ஞாயித்துக்கிழமை திறந்து பார்ப்போம்" என்றேன்.

படகு எஞ்சின் பார்க்கும் தம்பி ஒருவர் வந்து திறந்தார். கத்தி மாட்டும் ஷாஃப்டில் கோரைப்புல்லும் தங்கூஸ் நரம்பும் சுற்றிச் சுற்றி ஆயில் சீலின் உதட்டையே அறுத்திருந்தன. அந்த வழியாக எண்ணெய் வெளியே, மழைத்தண்ணீர் உள்ளே. மிச்சமிருந்த எண்ணெய் பாலாடை மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒழுகுகிறதே என்று யாரோ கெட்டி கிரீஸை வேறு அடைத்திருந்தார்கள். அது பெரிய தப்பு. எண்ணெய் பல்லோடு ஏறி, வழிந்து, திரும்பக் கீழே வரும். கெட்டி கிரீஸ் ஒருமுறை ஒதுங்கினால் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பல் காய்ந்தபடி அரைபடும். ஒரு பேரிங் அப்படித்தான் போயிருந்தது. பற்கள் தப்பித்திருந்தன.

இப்போது "பார்ட்ஸ் வராது" கதைக்கு வருவோம். பேரிங்கில் 6205 என்று பொறித்திருந்தது. அப்படியென்றால் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, தடிமன் 15 மில்லிமீட்டர். எந்தக் கம்பெனி செய்தாலும், எந்த ஊரில் வாங்கினாலும் இதே அளவுதான். சீலின் மேலும் 25-52-7 என்று அளவு இருந்தது. மாடல் பழசாகலாம், இந்த நம்பர்கள் பழசாவதில்லை! கப்பலில் வரவழைத்தோம். எண்ணெயோடு சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்.

மாட்டும்போது செய்தவை: மண்ணெண்ணெயில் கழுவினோம். அடைபட்டிருந்த மூச்சுத் துளையைக் குத்தித் திறந்தோம். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி நல்ல சீலையும் ஒழுக வைக்கும். உள்ளே பித்தளை நிறத்தில் வெண்கலச் சக்கரம் இருந்ததால், 90 நம்பரில் ஜிஎல்-5 எண்ணெயைத் தவிர்த்தோம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடும். வண்டியை மட்டமாக நிறுத்தி, அளவுத் துளை வரை மட்டும் ஊற்றினோம்.

என் கோபம் கடைக்காரர் மேல் மட்டுமில்லை. எங்கள் மேலும்தான். 60,000-க்குக் கடன் தர என்னிடம் பாரம் இருக்கிறது. சீல் வாங்கக் கடன் தர பாரம் இல்லை. 2014-15-ல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் 40, 50 சதவீத மானியம் என்றதும் புது மிஷின் வாங்கத்தான். பழசைப் பிழைக்க வைத்தவனுக்கு என்ன? 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு குழு அமைத்தபோது விவசாயக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 2024 ஜனவரி முதல் அது சட்டமாகவே நடப்பில் இருக்கிறது. நம் ஊரிலும் உதிரிபாகமும் கையேடும் கட்டாயம் என்று எப்போது வரும்?

பல் உடைந்திருந்தால், கூடு விரிசல் விட்டிருந்தால் புதுசு வாங்குங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். திறந்து பார்க்காமலே "போச்சு" என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. தேய்மானக் கணக்கில் பூஜ்யமாவது புத்தகத்திலிருக்கும் மதிப்பு மட்டும்தான். மிஷின் பூஜ்யமாவதில்லை. காமர்ஸ் படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

வெளியூரில் இருந்தபடி அப்பாவுக்குப் புது மிஷின் வாங்கப் பணம் அனுப்பப் போகிறவர்களே, முதலில் ஒரு போன் போட்டு, "எண்ணெய் என்ன நிறத்தில் இருக்குப்பா?" என்று கேளுங்கள்.

பெரியவர் கடன் வாங்கவில்லை. கொல்லையில் இப்போது கத்தரி நட்டிருக்கிறார்.