வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்

விடிவதற்கு முன்பே ஜுருவின் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் வேலைக்குப் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களுள் சிலர் பினாங்குப் பாலத்தைக் கடந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குச் செல்கின்றனர். இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972ஆம் ஆண்டில் பினாங்கில்தான் திறந்தது. அன்று முதல் நுண்சில்லுகளைப் பொருத்துவதிலும் சோதிப்பதிலும் பினாங்கு பெயர் பெற்று விளங்குகிறது. ஆனால், அத்தகைய சில்லுகளைக் கொண்டு புதிய உலகங்களைப் படைத்தவர்கள் யார் என்பதை இளையோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய காணொளி விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் வரலாறு வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. அது படைப்பாற்றலைக் கற்பிக்கும் பாடம் எனலாம்.

முதலாவதாக, ஜப்பானியரான தொமோஹிரோ நிஷிகாடோவைக் குறிப்பிடலாம். தைத்தோ நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1978ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டை உருவாக்கினார். கதை, ஓவியம், நிரல், மின்சுற்று ஆகிய அனைத்தையும் அவரே வடிவமைத்தார். அதில் பயன்படுத்தப்பட்ட இன்டெல் 8080 நுண்செயலி, திரை நிறைந்த எதிரிகளை விரைவாக நகர்த்தத் திணறியது. எதிரிகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தபோது அதன் சுமை குறைந்தது. எஞ்சியவை வேகமாக நகர்ந்தன. இதைக் குறையெனக் கருதி நிஷிகாடோ நீக்கிவிடவில்லை. ஆட்டம் முடிவை நெருங்க நெருங்கப் பரபரப்பு கூடும் என்பதை உணர்ந்து, அதனை அப்படியே வைத்துக்கொண்டார்.

அடுத்து, நிந்தெண்டோ நிறுவனத்தின் ஷிகேரு மியாமோதோ. தொழில்துறை வடிவமைப்பு பயின்ற இவர் நிரலாளர் அல்லர். அமெரிக்காவில் விற்காமல் தேங்கிக் கிடந்த விளையாட்டுப் பெட்டிகளை வீணாக்காமல் பயன்படுத்த ஒரு புதிய விளையாட்டு தேவைப்பட்டது. அப்பொறுப்பை ஏற்ற மியாமோதோ, 1981ஆம் ஆண்டில் ‘டாங்கி காங்’ விளையாட்டைப் படைத்தார். அதன் நாயகனே பின்னாளில் மாரியோ என அழைக்கப்பட்டான். சில புள்ளிகளே கொண்ட மிகச் சிறிய உருவத்தில் வாயை வரைய இயலவில்லை; எனவே மீசை வந்தது. தலைமுடியை வரைவது கடினமாக இருந்தது. எனவே தொப்பி வந்தது. 1985ஆம் ஆண்டில் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் மேகமும் புதரும் ஒரே ஓவியம்தான்; நிறம் மட்டுமே வேறு. நினைவகத்தில் இடம் இல்லாதபோது, அந்தக் குறையே அழகாக மாறியது.

எனினும், பன்முகத் திறனைக் கொண்டு மதிப்பிட்டால், முதலிடம் குன்பெய் யோகோய் என்பவருக்கே உரியது. நிந்தெண்டோ சீட்டுக்கட்டுகள் தயாரித்த காலத்தில், 1965ஆம் ஆண்டில், இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியில் அவர் சேர்ந்தார். பொம்மைகளைச் செய்தார், பயணி ஒருவர் இரயிலில் கணிப்பானை அழுத்தி விளையாடியதைக் கண்டு, 1980ஆம் ஆண்டில் ‘கேம் அண்ட் வாட்ச்’ கருவியை உருவாக்கினார். இன்று விளையாட்டுக் கருவிகளில் காணப்படும் சிலுவை வடிவப் பொத்தானையும் அவரே அறிமுகப்படுத்தினார். பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதே அவருடைய கொள்கை. 1989ஆம் ஆண்டில் வந்த ‘கேம் பாய்’ இக்கொள்கையின் விளைவு. அதன் திரையில் வண்ணம் இல்லை. போட்டி நிறுவனங்கள் வண்ணத் திரைகளுடன் வந்தன; ஆனால், அவற்றின் ஆறு மின்கலங்கள் சில மணி நேரத்தில் தீர்ந்தன. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக இயங்கியது. அதுவும் பின்னர் வந்த அதன் வண்ணப் பதிப்பும் சேர்ந்து 118 மில்லியனுக்கும் அதிகமாக விற்பனையாயின.

அன்று போட்டி குறைவு, ஆகவே வெற்றி எளிதாகக் கிட்டியது என்று சிலர் வாதிடுவர். இக்கருத்து முற்றிலும் ஏற்கத்தக்கதன்று. மேற்கூறிய போட்டியே அதற்குச் சான்று. மேலும், யோகோயும் தோல்வி கண்டவர்தாம். 1995ஆம் ஆண்டில் அவர் உருவாக்கிய ‘வெர்ச்சுவல் பாய்’ கருவியை மக்கள் விரும்பவில்லை. படைப்பாளி தோல்வியே காணாதவர் அல்லர்; துணிந்து முயல்பவர்.

விளையாட்டுகள் மாணவர்களின் நேரத்தை விழுங்குகின்றன என்ற பெற்றோரின் கவலை நியாயமானதே. நள்ளிரவு வரை திறன்பேசியில் மூழ்கிக் கிடப்பவர் படைப்பாளியாகிவிட முடியாது. விளையாடுவது வேறு, விளையாட்டு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்வது வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்கள் உணர வேண்டும். விளையாடும் ஒரு மணி நேரத்தில் பாதியையேனும் ஒரு சிறு விளையாட்டைத் தாமே வடிவமைப்பதற்குச் செலவிட்டால், அந்தப் பொழுது வீணாகாது.

விலையுயர்ந்த கணினி இல்லையே என்று ஏங்க வேண்டியதில்லை. சொல்வதற்கு ஒரு கதையும், அதைச் சொல்லும் துணிவும் இருந்தால் போதும். 2023ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையே அதன் களம். தாயின் பழைய சமையல் குறிப்பேடே அதன் புதிர். சிறு குழு உருவாக்கிய அவ்விளையாட்டு, 2024ஆம் ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. இட்லியும் ஒரு விளையாட்டின் கருவாகலாம் என்றால், ஜுருவின் கண்டல் காடும் மீனவர் படகும் கருவாகக் கூடாதா?

பிறர் கற்பனைக்குச் சில்லுகளைப் பொருத்தித் தரும் உழைப்பு பெருமைக்குரியது. அந்த உழைப்பாளிகளின் பிள்ளைகள் தங்கள் சொந்தக் கற்பனைகளையும் அச்சில்லுகளில் ஏற்றும் நாள் வர வேண்டும். கையில் இருப்பது சிறிய கருவியாக இருக்கலாம். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அல்லவா?