விற்பனைக்கு ஒரு முக்குளிப்புக் கைக்கடிகாரம்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலை, சுங்கை பினாங்கில் எங்கள் குடியிருப்புக்கு அருகில் வசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டிற்கு வந்தார். உடன் வந்த அவருடைய மகள், தமிழ்ப்பள்ளியில் என்னிடம் பயின்றவள். இப்போது கல்லூரியில் சேரக் காத்திருக்கிறாள். நண்பர் ஒரு பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். டைட்டானியத்தால் ஆன முக்குளிப்புக் கைக்கடிகாரம். பின்மூடியில் ஐந்நூறில் இது எத்தனையாவது என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. நல்ல வருமானம் இருந்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கியதாம்.

"ஐயா, நல்ல தமிழில் ஒரு விளம்பரம் எழுதித் தாருங்கள். புலனக் குழுக்களில் போட வேண்டும். மகளின் முதல் தவணைக் கட்டணத்திற்கு இது கைகொடுக்கும்" என்றார்.

எழுத அமர்ந்தேன். ஆசிரியன் அல்லவா? கேள்வி கேட்காமல் எழுத வராது. எப்போது வாங்கியது, பெட்டியும் உத்தரவாதச் சீட்டும் உள்ளனவா, எப்போதாவது பிரித்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் நேரம் பிந்தி ஓடியதால் ஒரு கடையில் பின்மூடியைத் திறந்து சரிசெய்ததாகச் சொன்னார். அதன்பின் நீரழுத்தச் சோதனை செய்தார்களா என்றேன். இல்லையாம். அவரும் அதன்பின் அதை அணிந்து நீரில் இறங்கவில்லையாம். அதையும் ஒரு வரியாக எழுதினேன். நண்பரின் முகம் மாறியது.

"அந்த வரி வேண்டாம் ஐயா. ஐந்நூறு வெள்ளி குறைந்துவிடும். கேட்டால் சொல்வோம். கேட்காததை நாமே ஏன் சொல்ல வேண்டும்?"

இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

டைட்டானிய முக்குளிப்புக் கடிகாரம் பிறந்த கதையை அறிந்தவர் அக்கேள்வியைக் கேட்கத் தயங்குவர். 1968-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்துக் குரே நகரைச் சேர்ந்த முக்குளிப்பாளர் ஒருவர் சைக்கோ நிறுவனத்திற்குக் கடிதம் எழுதினார். முந்நூறு மீட்டருக்கும் கீழே நாட்கணக்கில் தங்கிப் பணியாற்றும் தம்மைப் போன்றோருக்கு அந்நிறுவனத்தின் கடிகாரங்கள் தாங்கவில்லை என்பதே செய்தி. அத்தகைய பணியில் சுவாசிக்கும் கலவையில் உள்ள ஹீலியம் மிக நுண்ணிய அணுக்களால் ஆனது. அது கடிகாரத்திற்குள் நுழைந்துவிடும். மேலே வரும்போது வெளியேற வழியின்றிக் கண்ணாடியையே தள்ளித் தெறிக்கச் செய்யும். பொறியாளர் இக்குவோ தொக்குனாகாவும் அவர்தம் குழுவினரும் ஏழாண்டுகள் உழைத்தனர். 1975-இல் 600 மீட்டர் ஆழத்திற்கான கடிகாரம் வெளிவந்தது. டைட்டானியக் கூடு பெற்ற முதல் முக்குளிப்புக் கடிகாரம் அதுவே. அதன் உயிர்நாடி டைட்டானியம் மட்டுமன்று. ஹீலியத்தை உள்ளே விடாத வகையில் வடிவமைத்த ஓர் இரப்பர் வளையமும்தான்.

டைட்டானியம் கடல்நீரில் துருப்பிடிக்காது. எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 7.9 கிராம் என்றால், இதனுடையது 4.5 கிராம். ஆகவே கையில் கட்டியிருப்பதே தெரியாது. (ஈயம் எடுத்தபின் எஞ்சும் ‘அமாங்’ மணலில் இதன் தாதுவான இல்மனைட் உண்டு. பேராக்கைப் பற்றிப் பாடம் நடத்தும்போது மாணவர்களுக்குச் சொல்லலாம்.) உலோகம் நூறாண்டு இருக்கும், இரப்பர் வளையம் இராது. அது காய்ந்து இறுகும். மூடியைத் திறந்து மூடும்போது நசுங்கினாலும் வெளியே தெரியாது. முக்குளிப்புக் கடிகாரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம், குறிப்பிட்ட ஆழத்தின் அழுத்தத்தைவிடக் கால்பங்கு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கச் சொல்கிறது. அந்தச் சோதனையின் பேரில்தான் முகப்பில் மீட்டர் கணக்கு எழுதப்படுகிறது. திறந்து மூடியபின் மறுபடி சோதிக்காத கடிகாரத்தில் அந்த எண் வெறும் எழுத்துதான்.

இன்று முக்குளிப்போர் பெரும்பாலும் கணினிக் கருவியை நம்பியே இறங்குகின்றனர்; கைக்கடிகாரம் துணைக்கருவியே. அதனால் உயிர் போய்விடும் என்று மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு துளி உப்புநீர் போதும், வாங்கியவரின் பணம் முழுவதும் துருவாகிவிடும்.

‘லிமிடெட் எடிஷன்’ என்ற சொல்லும் நம்மை மயக்குகிறது. ஒமேகா நிறுவனம் ஜேம்ஸ் பாண்ட் படத்தையொட்டி 2019-இல் ஒரு டைட்டானிய முக்குளிப்புக் கடிகாரத்தை அறிவித்தது. பெயரில் ‘007 எடிஷன்’ உண்டு. பின்மூடியில் எண்களும் உண்டு. ஆனால் அவ்வெண்கள் எல்லாக் கடிகாரங்களிலும் ஒன்றேதான். தயாரிப்புக்கு எண்ணிக்கை வரையறையும் இல்லை. இதை அறியாமல் அரிய பொருள் என்று விற்பவரும் உண்டு. அறிந்தே விற்பவரும் உண்டு. என் நண்பருடையது உண்மையிலேயே எண்ணிட்டது. இருந்தால் என்ன? எண் அரிதாவதால் இரப்பர் புதிதாகிவிடுமா?

நகர விளையாட்டரங்கத்தின் அருகே லோரோங் கூலிட் சந்தையில் பழைய கடிகாரங்களைப் பரப்பி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வாங்குபவன் காதருகே வைத்துக் கேட்கிறான், குலுக்குகிறான், பாதி விலைக்குக் கேட்கிறான். ஏமாறினாலும் அதையும் கணக்கில் வைத்தே ஏமாறுகிறான். பழம்பொருள் வணிகர்களுக்கு 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் வணிகரிடம் வாங்குவோருக்குத்தான் துணை நிற்கிறது. வீட்டிலிருந்து ஒருமுறை விற்கும் தனிமனிதரிடம் வாங்குபவருக்கு எஞ்சுவது விற்பவரின் சொல் மட்டுமே. பெட்டி, சீட்டு, எண், அத்தனைக்கும் மேலாக ‘ஒரு தமிழ்க் குடும்பத்தார்’ என்ற நம்பிக்கை. புலனக் குழுவில் விலை கூடுவதே அந்த நம்பிக்கையால்தான். அந்த நம்பிக்கைக்கு விலை வாங்கிக்கொண்டு, கேட்கவில்லையே என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுகிறது. அளவுக்கு மிஞ்சி வாங்காதவர், குறைத்துக் கொடுக்காதவர் என்ற அப்பெருமையை மேடைதோறும் முழங்குகிறோம். நன்னெறிக் கல்வியில் நேர்மைக்குப் பாடமே வைத்திருக்கிறோம். எட்டாயிரம் வெள்ளிக் கடிகாரம் மேசைமேல் வந்ததும் அது தேர்வுக்கு உரியதாகிவிடுகிறது.

நண்பரைக் கயவர் என்று எண்ணிவிடாதீர்கள். குறையைச் சொன்னவரிடம் வாங்குவோர் இரக்கமின்றி விலையை அடிப்பதும், சொல்லாதவரிடம் கேட்ட விலையைக் கொடுப்பதும் நாம் அன்றாடம் காண்பவைதாமே? ஐந்நூறு வெள்ளி அவருக்குச் சிறு தொகையன்று. அதை நான் அறிவேன். ஆயினும் அன்று என் கண்ணில் பட்டது அவருடைய மகளின் முகம். அப்பாவையும் தாளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை நீக்கிவிட்டுத்தான் நண்பர் விளம்பரத்தைப் போட்டார். நான்கே நாளில், கேட்ட விலைக்கே விற்றுவிட்டது.

மறுநாள் மாலை அந்தப் பெண் தனியாக வந்தாள். வாங்கியவர் பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் தீவில் முக்குளிக்கப் போகிறாராம். "அவருடைய எண் என்னிடம் இருக்கிறது ஐயா. நானே சொல்லிவிடலாமா?" என்றாள். அப்பாவுக்குத் தெரியாமல் வேண்டாம் என்று சொல்லி, அவளுடன் நடந்தே அவர்கள் வீட்டிற்குப் போனேன். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். சோதனைக்கும் வளையம் மாற்றவும் முந்நூறு வெள்ளியைத் திருப்பி அனுப்பியதாகப் பின்னர் அறிந்தேன்.

அவர் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. மகள் மட்டும் நேற்று வந்து, கல்லூரியில் சேர்ந்துவிட்ட செய்தியைச் சொல்லிவிட்டுப் போனாள்.