மாலையிட முடியாத படங்கள்



போர் ஓய்ந்தால் மனம் தானே ஆறிவிடும் என்போர் ஈழத்தைப் பார்க்கட்டும். 2009இல் முள்ளிவாய்க்கால் இறுதிச் சண்டையோடு போர் முடிந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டமோ ஆண்டுக்கணக்கில் நீண்டது. மகன் படத்துக்கு மாலை போடுவதா வேண்டாமா என்று தெரியாத வீட்டில் திவசம் ஏது, துக்கம் தீர்வது ஏது? யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் தந்த இத்தகைய துயரைச் சமூகம் முழுவதன் காயமாகவே எழுதினார். மாத்திரை போதாதா என்று கேட்கலாம். தூக்கத்துக்கு அது உதவும். பிள்ளை என்ன ஆனான் என்ற கேள்விக்கு உதவாது. உண்மை தெரிவதும் ஊர்கூடி அழுவதும்கூடச் சிகிச்சைதான்.

இந்தக் காயத்தோடு நம் மலேசியாவுக்கு வந்தோரும் உண்டு. ஆனால் மலேசியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆகவே இங்கு அடைக்கலம் தேடி வந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழிலேயே பேசும் மனநல ஆலோசகர்களை நம் கோயில்களும் சங்கங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வாசகர்,
பத்து பாகாட், ஜொகூர்