ஜெரண்டு படும் பாடு

"லஞ்சம் வாங்கியதை மறுத்த அதிகாரி." "லஞ்சம் வாங்க மறுத்த அதிகாரி."

இரண்டு செய்தித் தலைப்புகள். முதல் ஆள் மாட்டிக்கொண்டு முழிப்பவர், இரண்டாவது ஆள் கை சுத்தம். டீக்கடையில் பேப்பர் புரட்டும் யாருக்கும் இதில் ஒரு நொடி கூடக் குழப்பம் வராது. இத்தனைக்கும் இரண்டிலும் இருப்பது 'மறு' என்ற ஒரே வினைச்சொல். அதற்கு முன்னால் நிற்பது 'வாங்கியதை'யா, 'வாங்க'வா என்பதில்தான் ஒரு மனிதரின் மானமே தொங்குகிறது.

இப்போது அதே பேப்பர் படித்த பையனைக் கல்லூரி வகுப்பில் உட்கார வைத்து, "டினை என்ற சொல்லுக்குப் பின்னால் ஜெரண்டு வருமா, இன்ஃபினிடிவ் வருமா?" என்று கேளுங்கள். பேந்தப் பேந்த விழிப்பான். ஏன் விழிக்கிறான்? தமிழ் மீடியம், கிராமத்துப் பையன், இங்கிலீஷ் மண்டையில் ஏறாது என்று ஒரு ரெடிமேட் பதில் எல்லோரிடமும் இருக்கிறது. சுத்தப் பொய். வாங்கியதை மறுத்தார் என்றால் 'டினைட் டேக்கிங்'. வாங்க மறுத்தார் என்றால் 'ரெஃப்யூஸ்டு டு டேக்'. கேள்விக்கான விடை அவன் தாய்மொழியிலேயே இருக்கிறது. அதை எடுத்துக் காட்டத்தான் அந்த வகுப்பறையில் ஆளில்லை.

அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைப்பது என்ன? ஒரு பட்டியல். என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், மைண்ட், போஸ்ட்போன், சஜஸ்ட், அட்மிட்... இவற்றுக்குப் பின்னால் '-இங்' போடு. வான்ட், டிசைட், ஹோப், ரெஃப்யூஸ், அக்ரீ, பிராமிஸ்... இவற்றுக்குப் பின்னால் 'டு' போடு. ஏன் என்று கேட்காதே. மனப்பாடம் செய், பரீட்சையில் கக்கு, மறந்துவிடு. கைடுகளும் இதைத்தான் அச்சடிக்கின்றன, முப்பது நாளில் ஆங்கிலம் என்று விளம்பரம் செய்யும் சென்டர்களும் இதைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குகின்றன. பட்டியல் தப்பு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் செய்தால் ஊரில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பதாக ஆகிவிடுமா?

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் விஷயம் அவ்வளவு மர்மமில்லை. பழைய ஆங்கிலத்தில் 'டு' என்பது திசை காட்டும் சொல். 'அதை நோக்கி' என்று பொருள். இன்ஃபினிடிவுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டதும் அந்த 'டு' தான். அதனால்தான் இன்றைக்கும் இன்ஃபினிடிவ் பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைப் பார்த்து நிற்கிறது: ஆசை, முடிவு, நோக்கம், சம்மதம். '-இங்' வேறு ஜாதி. வினைச்சொல்லைப் பிடித்துப் பெயர்ச்சொல்லாக மாற்றும் பழைய விகுதியிலிருந்து வந்தது. ஒரு செயலைப் பொருள் மாதிரி கையில் எடுத்துக் காட்டும். ரசிக்கலாம், தவிர்க்கலாம், ஒப்புக்கொள்ளலாம், தள்ளிப்போடலாம்.

இதைத் தமிழில் சொன்னால் 'செய்ய' என்பது வினையெச்சம், 'செய்தல், செய்வது, செய்தது' எல்லாம் பெயர். காலையில் முதல் பீரியடில் தமிழய்யா தொழிற்பெயர் நடத்திவிட்டுப் போகிறார். அடுத்த பீரியடில் இங்கிலீஷ் சார் வந்து ஜெரண்டு நடத்துகிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்று இவரும் சொல்வதில்லை, அவரும் சொல்வதில்லை. சில பள்ளிகளில் இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் வேறு!

சில வாக்கியங்களைப் போட்டுப் பாருங்கள். புகைபிடிக்க நின்றான் - 'ஹி ஸ்டாப்டு டு ஸ்மோக்'. புகைபிடிப்பதை நிறுத்தினான் - 'ஹி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்'. கதவைப் பூட்ட மறந்தான் - 'ஃபர்காட் டு லாக்'. பூட்டியதை மறந்தான் - 'ஃபர்காட் லாக்கிங்'. முதல் வீட்டில் திருடன் நுழைவான், இரண்டாவது வீட்டுக்காரர் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். போவதைத் தள்ளிப்போட்டான் என்றுதான் சொல்வோம், 'போகத் தள்ளிப்போட்டான்' என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லாது. ஆகவே 'போஸ்ட்போன்ட் கோயிங்'.

இதைவிட அழகு 'டிரை'. ஜன்னலைத் திறக்க முயன்றான் என்றால் 'டிரைட் டு ஓபன்', திறக்க முடியாமலும் போயிருக்கலாம். ஜன்னலைத் திறந்து பார்த்தான் (காற்று வருகிறதா என்று) என்றால் 'டிரைட் ஓபனிங்', திறந்துவிட்டான். இங்கிலாந்துக்காரர் பாரா பாராவாக விளக்கும் இந்த வித்தியாசத்தைத் தமிழ் 'பார்' என்ற ஒரு துணைவினையில் முடித்துவிடுகிறது. படித்து முடித்தான் - 'ஃபினிஷ்டு ரீடிங்'. பேசிக்கொண்டே இருந்தான் - 'கெப்ட் டாக்கிங்'. தமிழில் 'செய்ய' வந்தால் பெரும்பாலும் 'டு'. 'செய்வதை, செய்ததை, செய்து' வந்தால் பெரும்பாலும் '-இங்'.

பெரும்பாலும் என்பதை அழுத்திப் படிக்கவும். தருவதாக வாக்குக் கொடுத்தான் என்பது ஆங்கிலத்தில் 'பிராமிஸ்டு டு கிவ்' தான். தூங்குவது போல நடித்தான் - 'பிரிட்டெண்டட் டு ஸ்லீப்'. 'சஜஸ்ட்' தமிழோடு ஒட்டவே ஒட்டாது. இப்படிச் சறுக்கும் இடங்களை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டால் போதும். நூறு சொல்லை உருப்போடுவதற்கும் பத்துப் பதினைந்து விதிவிலக்கை நினைவில் வைப்பதற்கும் வித்தியாசம் இல்லையா?

சறுக்கலிலேயே பெரிய சறுக்கல் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ'. வேலைக்கு விண்ணப்பிக்கும் மெயில்களில் கடைசி வரியாக இது வருவது வழக்கம். 'சந்திக்க ஆவலோடு' என்று மனசு தமிழில் ஓடுகிறது, 'டு' வேறு கண்ணெதிரே நிற்கிறது, கை தானாக 'மீட்' என்று தட்டிவிடுகிறது. இந்த 'டு' இன்ஃபினிடிவின் 'டு' இல்லை, வெறும் முன்னிடைச்சொல். சோதிப்பது சுலபம்: அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தி ஹாலிடேஸ்' - உட்காருகிறது. ஆகவே 'மீட்டிங்'. 'வான்ட் டு தி ஹாலிடேஸ்' - உட்காரவில்லை. ஆகவே 'வான்ட் டு மீட்'. இதே சோதனையில் 'யூஸ்டு டு' குழப்பமும் தெளியும். 'ஹி யூஸ்டு டு டிரிங்க்' என்றால் முன்பு குடித்துக்கொண்டிருந்தவர். 'ஹி இஸ் யூஸ்டு டு டிரிங்கிங்' என்றால் குடிப்பது பழகிப்போனவர். மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில் இதை மாற்றிச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் :-)

"அட, இதெல்லாம் எதற்கு? அர்த்தம் புரிந்தால் போதாதா?" என்று ஒரு கூட்டம் வரும். 'லுக்கிங் ஃபார்வர்ட்' விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான், அதில் யாருக்கும் அர்த்தம் கெடுவதில்லை. அந்த ஒரு வரிக்காக ஒருவரை வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்குபவர்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் எல்லா இடத்திலும் இந்தச் சமாதானம் செல்லாது. வெளிநாட்டு மருத்துவமனைக்கு வேலைக்குப் போகிற நர்ஸ் ஒருவர், 'ஷி ஸ்டாப்டு டேக்கிங் தி டேப்லெட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஸ்டாப்டு டு டேக்' என்று எழுதினால், மாத்திரையை நிறுத்திய நோயாளி மாத்திரை போடுவதற்காக நின்ற நோயாளியாகிவிடுவார். அடுத்த ஷிஃப்டில் வருபவர் எதை நம்புவது?

இந்த அர்த்தம் மாறும் இடத்தை நடத்த நேரமில்லை. ஆனால் அடிக்கோடிட்ட சொல் ஜெரண்டா, பிரசன்ட் பார்ட்டிசிபிளா என்று கேட்டு மார்க் வெட்ட நேரம் இருக்கிறது. ஹடில்ஸ்டனும் புல்லமும் தலைமையேற்று எழுதி 2002-ல் வெளியான கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கண நூல், இன்றைய ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் வேறு வேறு வினை வடிவங்களாகப் பிரிக்கவே தேவையில்லை என்று சொல்லி ஒரே பெயரில் சேர்த்துவிட்டது. அவர்களே கைகழுவிய வேலைக்கு நம்மூரில் இன்னும் மார்க். 'டு'வுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது என்று மிரட்டும் இன்னொரு விதியும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் கிளப்பிவிட்டது, ஆங்கிலேயர்களே அதைப் பெரிதாக மதிப்பதில்லை.

உச்சக்கட்டக் கொடுமை கோடிட்ட இடம். 'இட் ஸ்டார்ட்டட் ______.' அடைப்புக்குறிக்குள் 'ரெய்ன்'. 'ரெய்னிங்' என்று எழுதினாலும் சரி, 'டு ரெய்ன்' என்று எழுதினாலும் சரி. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். விடைத்தாளில் 'டு ரெய்ன்' என்று எழுதிய பெண்ணுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அவள் தயங்கித் தயங்கி ஸ்டாஃப் ரூமுக்குப் போய், அகராதியைப் பிரித்துக் காட்டிக் கேட்டால் கிடைக்கும் பதில்: "நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா கீ-ல 'ரெய்னிங்'னுதான் போட்டிருக்கு."