கிராம் கணக்கும் சாதிக் கணக்கும்

2023 ஏப்ரல் 26 அன்று சிங்கப்பூரின் சாங்கி சிறையில் தங்கராஜு சுப்பையா என்ற 46 வயதுத் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். 1,017.9 கிராம் கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்தார் என்பது வழக்கு. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபடவில்லை. தொலைபேசி எண்களும் மற்றவர்களின் சாட்சியமும் அவரைத் தூக்குமேடைக்குக் கொண்டுபோயின. வாக்குமூலம் எடுத்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டும் தரவில்லை என்று அவர் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

அதே வாரத்தில் பேங்காக் கடைத்தெருவில் கஞ்சாவைக் கண்ணாடிப் புட்டியில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 2022 ஜூனில் தாய்லாந்து அதைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தது. 2025-இல்தான் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று மறுபடி இறுக்கியது.

இன்னும் கொஞ்சம் சுற்றிப் பார்ப்போம். கனடாவில் 2018 முதல் வயதுவந்த ஒருவர் 30 கிராம் வரை வெளியில் எடுத்துச் செல்லலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வெளியில் 25 கிராம், வீட்டில் 50 கிராம். போர்ச்சுகலில் 2001 முதல் பத்து நாள் உபயோகத்துக்கான அளவு கிரிமினல் குற்றம் அல்ல. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதில் மூவர் குழுவின் முன் போகிறார். சிங்கப்பூரிலோ 15 கிராமுக்கு மேல் இருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும்; 500 கிராமைத் தாண்டிக் கடத்தினால் மரணம்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி ஒரு கிலோ வரை 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் பத்தாண்டு வரை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. தங்கராஜுவின் உயிரை எடுத்த அந்த 1,017.9 கிராம் இங்கே சிறிய அளவைவிட 17.9 கிராம் மட்டுமே அதிகம்.

ஒரே செடிக்கு இத்தனை தண்டனைகள் என்றால், தண்டனையை முடிவு செய்வது செடியின் குணம் அல்ல. ஆட்சியில் இருப்பவர்கள் யாரைக் கண்டு அஞ்சுகிறார்கள், யாரை அடக்க நினைக்கிறார்கள் என்பதே அதை முடிவு செய்கிறது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. சிக்குகிறவர்கள் மாறுவதில்லை.

அமெரிக்காவைப் பாருங்கள். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதை வைத்திருந்ததாகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பர்களுக்கு 3.6 மடங்கு அதிகம் என்று அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம் 2020-இல் கணக்குக் காட்டியது. சிங்கப்பூரில் 2021-இல் மரண தண்டனைக் கைதிகளான 17 மலாய்க்காரர்கள், போதைப்பொருள் வழக்குகளில் இனப் பாகுபாடு இருக்கிறது என்று வழக்குத் தொடுத்தார்கள். அது தள்ளுபடியானது.

தளர்த்திய சட்டத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2018-இல், வயதுவந்தவர்கள் தனிமையில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தனிமை யாரிடம் இருக்கிறது? சுற்றுச்சுவரும் கதவும் உள்ள வீட்டுக்காரரிடம். ஒற்றை அறையில் ஆறு பேர் படுப்பவருக்கும், நடைபாதையில் தூங்குபவருக்கும் தெருதான் வீடு. தெருவில் போலீஸ் நிற்கிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப்பகுதி. நுனி சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கை வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம், சிவராத்திரிக்குக் குடிக்கலாம். கோயிலும் பண்டிகையும் சார்ந்த பழக்கத்துக்குச் சட்டம் வாசல் திறந்து வைத்திருக்கிறது. அதே செடியின் பூவை பீடியில் சுருட்டும் கூலித் தொழிலாளிக்குச் சிறைக் கதவைத் திறக்கிறது. இலைக்குப் புனிதம், பூவுக்குக் குற்றம் என்று பிரித்த கோடு யாருடைய பழக்கத்தைக் காப்பாற்றுகிறது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மும்பை நீதிமன்ற ஆவணங்களை ஆராய்ந்து விதி சட்டக் கொள்கை மையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையைத் தோழர்கள் படிக்க வேண்டும். கைதானவர்களில் பெரும்பாலோர் குடிசைவாசிகள், தெருவோரம் வாழ்பவர்கள், தினக்கூலிகள். வழக்கறிஞர் வைக்கவும் வாய்தாவுக்கு அலையவும் வழியில்லாதவர்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டு வெளியே வருகிறார்கள். வந்த பிறகு அந்த வழக்கு ஆயுளுக்கும் கூடவே வருகிறது.

தமிழ்நாட்டில் இதற்கு மேல் குண்டர் சட்டம் இருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் போதைப்பொருள் குற்றவாளிகளும் அடக்கம். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். 'கஞ்சா வேட்டை' என்று அறிவிப்பு வந்ததும் போலீஸ் ஜீப் எந்தத் தெருவுக்குள் முதலில் நுழைகிறது என்பது சேரியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பொறியியல் கல்லூரி விடுதி மாடிக்கும் பண்ணை வீட்டு விருந்துக்கும் அந்த ஜீப்புக்கு வழி தெரிவதில்லை.

உள்ளே போனாலும் சாதி விடுவதில்லை. சிறை விதிநூல்கள் சாதி பார்த்துத் துப்புரவு வேலை ஒதுக்கிவந்ததை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில்தான் அரசியலமைப்புக்கு விரோதம் என்று ரத்து செய்தது. ஒரே குற்றத்துக்குப் பிறப்பைப் பார்த்துத் தண்டனை சொன்ன மனுவை அண்ணல் அம்பேத்கர் 1927-இல் மகத்தில் எரித்தார். இன்றைய சட்டப் புத்தகத்தில் தண்டனை எல்லோருக்கும் ஒன்றுதான். சோதனை போடும் கை, யாருடைய சட்டைப்பையில் நுழைவது என்பதை மட்டும் இன்னும் பழைய புத்தகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது.

இதைச் சொன்னதும், "அப்போ கஞ்சாவை ஆதரிக்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. நம் தெருக்களில் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் படிப்பைத் தின்பது எது என்று நமக்குத் தெரியும். அதற்காக அழும் தாய்மார்கள் நம் தாய்மார்கள். ஆனால் அந்தப் பிள்ளையை நாம் இரண்டு முறை இழக்கிறோம்: முதலில் போதையிடம், அடுத்து காவல் நிலையத்திடம். முதல் இழப்பிலிருந்து மருத்துவத்தால் மீட்கலாம். இரண்டாவதிலிருந்து மீட்பது கடினம்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். சொந்த உபயோகத்துக்கான சிறிய அளவைக் கிரிமினல் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இலவசப் போதை மீட்புப் பிரிவு வேண்டும். யார் கைதாகிறார்கள் என்று சாதிவாரியாக ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். நாளை சட்டம் தளர்ந்தால் பழைய வழக்குகளை அழித்துவிட்டே தளர வேண்டும். நியூயார்க் மாநிலம் 2021-இல் சட்டம் மாற்றியபோது பழைய தண்டனைப் பதிவுகளை நீக்கவும், வரி வருவாயில் 40 சதவீதத்தைப் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குத் திருப்பித் தரவும் அந்தச் சட்டத்திலேயே எழுதியது. இல்லையென்றால் நம் பிள்ளைகள் சிறையில் இருக்க, உரிமம் வாங்கிக் கடை திறப்பவர் வேறு ஒருவராக இருப்பார்.

கோரிக்கை நிறைவேறும்வரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். உடல் சோதனைக்கு முன், நீதித்துறை நடுவர் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கச் சொல்ல உரிமை உண்டு. அது பிரிவு 50. அடிமையானவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்குப் பெற பிரிவு 64ஏ வழி தருகிறது. இலை, தண்டு எல்லாம் சேர்த்து எடை போட்டிருந்தால் அதை நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும்.

சட்டம் படிக்கும் தோழர்கள் இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி, இந்த வாரமே நம் தெரு இரவுப் பள்ளிகளில் ஒட்டுங்கள். வாய்தா தேதியில் அந்தத் தாய் தனியாக நிற்காமல் பக்கத்தில் நில்லுங்கள்.

ஜெய் பீம்!